புரத ஸ்பெக்ட்ரம் தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியலும் உயிரித் தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு புராஜெக்ட் தலைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி அமைகிறது. பொதிகை மலையடி மூலிகை ஒன்றிலிருந்து ஒரு சேர்மம். அது பிஎஸ்ஏ (மாட்டின் இரத்தத்தில் இருக்கும் அல்புமின்) போன்ற ஒரு புரதத்தோடு பிணைகிறதா, பிணைந்தால் எவ்வளவு இறுக்கமாக? அருமையான கேள்வி. ஆனால் அதற்கு வேண்டிய சிடி (புரதத்தின் மடிப்பைக் காட்டுவது), ஐடிசி (பிணைப்பின் வெப்பத்தை அளப்பது), டிஎல்எஸ் (துகளின் உருவளவைச் சொல்வது) கருவிகள் உள்ளூரில் எளிதில் கிடைப்பதில்லை. ஆய்வுக் கருவிகளை முன்பதிவு செய்யும் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடி, மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ ஒரு ஸ்லாட் வாங்கி, ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயில் ஏறுகிறார்கள். அங்கே போனதும் கருவி வரையும் கோடு (ஸ்பெக்ட்ரம்) ஆடுகிறது. கட்டணமும் போய், நாளும் போய், வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

அந்தக் கோடு ஆடியதற்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பெரிய கருவியில் இருக்காது. கொண்டுபோன கரைசலில் இருக்கும். கரைசலின் குறையைக் கல்லூரியிலேயே இருக்கும் யுவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் (கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டுவது) ஒரு நல்ல குவார்ட்ஸ் கியூவெட்டும் (கரைசல் ஊற்றும் சிறு சதுரக் குப்பி) கிளம்புவதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் அந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன். தலைப்புகள் எல்லாம் மாணவர்கள் வந்து சொல்லும் வார்த்தைகளே. 280, 350 என்று தனியாக வரும் எண்கள் பெரும்பாலும் நானோமீட்டரில் அலைநீளம்.

"300-க்குக் கீழ கோடு நட்டமா ஏறி நிக்கு, அக்கா"

கியூவெட்டைப் பாருங்கள். சாதாரண பிளாஸ்டிக் கியூவெட் ஏறக்குறைய 340 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விடாது. கண்ணாடி 320 வாக்கில் நின்றுவிடும். புரதத்துக்கு வேண்டிய 280-ம் அதற்குக் கீழும் குவார்ட்ஸில்தான் கிடைக்கும். டப்பாவில் எது குவார்ட்ஸ், எது கண்ணாடி என்று கலந்து கிடந்தால், வெறும் தண்ணீர் ஊற்றி 400-லிருந்து 200 வரை ஓட்டிப் பாருங்கள். அடி வரை தரையோடு போவது குவார்ட்ஸ். அதைத் தனியே எடுத்துப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

"புரதம் கரைஞ்சிட்டு, ஆனா 350-ல கோடு தரையத் தொட மாட்டேங்கு"

ஹீம் போன்ற நிறமுள்ள பகுதி எதுவும் இல்லாத புரதம் 320-க்கு மேல் ஒளியை உறிஞ்சாது. அங்கே அப்சார்பன்ஸ் (உறிஞ்சல் அளவு) 0.05 என்று நின்றால், அது உறிஞ்சல் இல்லை, சிதறல். திரண்ட புரதத் துகள்கள் கரைசலில் மிதக்கின்றன. 12,000 ஜி-க்குக் குறையாத வேகத்தில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துத் திரும்ப அளக்கவும். தரை தொட்டால் பிரச்சினை தீர்ந்தது. மறுநாள் காலையில் மீண்டும் ஏறியிருந்தால் புரதம் அந்தப் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) நிலைக்கவில்லை. பிஎச்சை, உப்பின் அளவை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இதே இடத்தில் செறிவையும் சரிபார்த்துவிடுங்கள். தராசில் 1 மில்லிகிராம் நிறுத்ததால் கரைசலில் 1 மில்லிகிராம் புரதம் இருப்பதாக ஆகாது. பொடியில் ஈரமும் உப்பும் உண்டு. நம் ஊர் மழை மாதங்களில் பாட்டிலைத் திறந்து வைத்தால் ஈரம் இன்னும் கூடும். 1 சென்டிமீட்டர் கியூவெட்டில், 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ 280-ல் ஏறக்குறைய 0.66 காட்டும். கோழிமுட்டை லைசோசைம் அதே செறிவில் ஏறக்குறைய 2.6. புரதத்தில் இருக்கும் அமினோ அமிலங்களில் ட்ரிப்டோபேன் ஒவ்வொன்றுக்கும் 5,500, டைரோசின் ஒவ்வொன்றுக்கும் 1,490, டைசல்ஃபைடு பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் 125 என்று கூட்டினால் எந்தப் புரதத்துக்கும் மோலார் குணகம் (ஒரு மோலார் கரைசல் 280-ல் உறிஞ்சும் அளவு) தோராயமாகக் கிடைத்துவிடும். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது. தராசு எண்ணை நம்பி ஐடிசி வரை போனவர்களுக்கு, ஒரு புரதத்தில் 0.6 மூலக்கூறு பிணைகிறது என்கிற மாதிரி விளக்க முடியாத விடைகள் வரும்.

"ஃபுளோரசன்ஸ்ல சின்னதா இன்னொரு பீக் வருது"

ஃபுளோரசன்ஸ் என்பது புரதம் ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திரும்ப ஒளிர்வது. 280-ல் ஒளியூட்டினால் பிஎஸ்ஏ 345 வாக்கில் ஒளிரும். அதற்கு முன்னால் 310 பக்கம் ஒரு சிறு மேடு தெரிந்தால் அது டைரோசின் என்று எழுதிவிடாதீர்கள். பஃபரை மட்டும் வைத்து ஓட்டுங்கள். மேடு அப்படியே இருந்தால் அது தண்ணீரின் ராமன் சிதறல் (ஒளியின் சிறு பகுதி தண்ணீர் மூலக்கூறில் பட்டு அலைநீளம் மாறிச் சிதறுவது). ஒளியூட்டும் அலைநீளத்தை மாற்றினால் அதுவும் கூடவே நகரும்: 280-க்கு ஏறக்குறைய 309, 295-க்கு 328, 350-க்கு 397. உண்மையான ஒளிர்வு அப்படி நகராது. ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்திலிருந்தும் பஃபரின் கோட்டைக் கழித்தால் போதும்.

1928-ல் ராமனோடு சேர்ந்து இந்தச் சிதறலைக் கண்ட கே.எஸ்.கிருஷ்ணன், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கும் வத்திராயிருப்பில் பிறந்தவர். நம் பக்கத்து மனிதர் கண்டுபிடிப்பில் பங்கு கொண்ட ஒன்றை நம் பிள்ளைகள் அடையாளம் தெரியாமல் விடக் கூடாது என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. கருவி நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கவும் இதே மேடுதான் உதவும். 350-ல் ஒளியூட்டி, சுத்தமான தண்ணீரின் 397 மேட்டின் உயரத்தை மாதாமாதம் நோட்டில் குறித்து வாருங்கள். உயரம் குறைந்துகொண்டே போனால் விளக்கு வயதாகிறது.

560-ல் கூர்மையாக ஒன்று நின்றால், அது 280-ன் இரண்டாம் வரிசை (அதே 280 ஒளியைக் கருவி இரட்டிப்பு அலைநீளத்தில் காட்டுவது). அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

"சேர்மம் சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு குறையுது. பைண்டிங் சூப்பரா இருக்கு, அக்கா"

இதில்தான் அதிகம் நிற்கப் போகிறேன். நம் பக்கத்து மூலிகை ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

ஒளிர்வு குறைவதற்குப் பிணைப்பு ஒரு காரணம். அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. மூலிகைச் சேர்மங்கள் பெரும்பாலும் நிறமுள்ளவை, புற ஊதாவை நன்றாக உறிஞ்சுபவை. குவெர்செட்டின் 255-லும் 370 வாக்கிலும் உறிஞ்சும். அந்த இரண்டாவது பட்டையின் சரிவு ட்ரிப்டோபேன் ஒளிரும் 340-ன் மேலேயே கிடக்கிறது. ஒளியூட்டும் கதிர் கியூவெட்டின் நடுவுக்குப் போகும் முன்பே ஓரளவு உறிஞ்சப்படுகிறது. புரதம் ஒளிர்ந்ததும் வெளியே வருமுன் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே மஞ்சள் கண்ணாடித்தாளை ஒவ்வொன்றாகச் செருகுகிற மாதிரி. விளக்கு மங்கவில்லை, தாள்தான் கூடியிருக்கிறது. இதை உள்வடிகட்டி விளைவு என்பார்கள்.

எவ்வளவு பெரிய பிழை இது? உங்கள் கடைசி டைட்ரேஷன் (சேர்மத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளப்பது) புள்ளியில் 295-ல் அப்சார்பன்ஸ் 0.30, 340-ல் 0.20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.25. பத்தின் அடுக்கு 0.25 என்றால் 1.78. அதாவது பிணைப்பே இல்லாவிட்டாலும் ஒளிர்வு நூறிலிருந்து 56-க்கு இறங்கிவிடும். அந்த 44 விழுக்காட்டுச் சரிவை வைத்து பிணைப்பு மாறிலி, பிணையும் இடங்களின் எண்ணிக்கை, வெப்ப இயக்கவியல் மதிப்புகள் என்று மூன்று அட்டவணை போட்டுவிடலாம். மூன்றும் தாளின் கணக்குதான், விளக்கின் கணக்கு இல்லை.

செய்ய வேண்டியது இது. டைட்ரேஷனின் ஒவ்வொரு புள்ளியையும், ஆமாம் ஒவ்வொன்றையும், யுவி கருவியில் வைத்து, ஒளியூட்டும் அலைநீளத்திலும் ஒளிரும் அலைநீளத்திலும் அப்சார்பன்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னபடி திருத்தக் காரணியைக் கண்டு, பார்த்த ஒளிர்வை அதால் பெருக்குங்கள். இந்தத் திருத்தம் சிறிய மதிப்புகளுக்குத்தான் நம்பகமானது. கூட்டல் 0.1 என்றால் பிழை 12 விழுக்காடு. அதைத் தாராளமாகத் திருத்தலாம். கூட்டல் 0.5-ஐத் தாண்டினால் திருத்துவதைவிட சோதனையை மாற்றுவதே நல்லது. சேர்மத்தைக் குறையுங்கள், அல்லது 3 மில்லிமீட்டர் பாதையுள்ள கியூவெட்டுக்கு மாறுங்கள்.

அடுத்து ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை. புரதத்துக்குப் பதிலாக என்-அசிட்டைல் ட்ரிப்டோபேனமைடை, 280-ல் அதே அப்சார்பன்ஸ் வரும் அளவு எடுத்து, அதே சேர்மத்தை அதே அளவுகளில் சேருங்கள். அது ட்ரிப்டோபேன் போல ஒளிரும் சிறு மூலக்கூறு; அதில் சேர்மம் போய் உட்காரக் குழி கிடையாது. அதிலும் ஒளிர்வு அதே அளவு குறைந்தால் பிஎஸ்ஏவில் நீங்கள் பார்த்தது பிணைப்பு இல்லை. ஒரு மதிய வேலை இது. இதைச் செய்யாமல் பிணைப்பு மாறிலியைக் கட்டுரையில் போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

ஸ்டெர்ன்–வோல்மர் கோடு (சேர்மச் செறிவு ஏற ஏற ஒளிர்வு எத்தனை மடங்கு குறைகிறது என்ற வரைபடம்) மேல் நோக்கி வளைந்தால், இரண்டு வகைத் தணிப்பும் (மோதலால் ஒளிர்வு குறைவது, கூட்டுச்சேர்மம் ஆவதால் குறைவது) சேர்ந்து நடக்கிறது என்று எழுதுவதற்கு முன் உள்வடிகட்டியைத் திருத்தினீர்களா என்று பாருங்கள். திருத்தியதும் பல வளைவுகள் நேராகிவிடும். 1919-ல் வந்த அந்தச் சமன்பாட்டிலிருந்து கிடைக்கும் மாறிலியை, புரதத்தின் ஒளிர்வு ஆயுளால், அதாவது ஏறக்குறைய 5 நானோநொடியால், வகுத்தால் தணிப்பு வேகம் வரும். அது நொடிக்கு, மோலாருக்கு 10-ன் அடுக்கு 10 என்ற பரவல் எல்லையைவிடப் பல மடங்கு அதிகமானால், மோதல் தணிப்பு அதற்குக் காரணமாக இருக்க முடியாது. "அப்படியானால் கூட்டுச்சேர்மம்தான்" என்று உடனே முடிவுக்கு வருகிறார்கள். உள்வடிகட்டியும் அதே பெரிய எண்ணைத்தான் தரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது திருத்தமும் மேலே சொன்ன கட்டுப்பாடும்தான்.

வெப்பநிலையை மாற்றி எந்த வகைத் தணிப்பு என்று கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. சுற்றோட்டத் தண்ணீர்க் குளியல் இல்லாத கருவியில் அதைச் செய்ய வேண்டாம். சித்திரை, வைகாசியில் நம் ஆய்வகத்தில் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே சூடு நன்றாகவே ஏறும். ஏறும் சூட்டில் ட்ரிப்டோபேன் ஒளிர்வு தானாகவே குறையும். அதையும் சேர்மத்தின் வேலையாக எண்ணிவிடுவோம்.

கீழாநெல்லிச் சாறு, நிலவேம்புச் சாறு என்று முழுச் சாற்றையே ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாற்றில் எந்த மூலக்கூறு எத்தனை மோல் இருக்கிறது என்று தெரியாது. மோல் தெரியாமல் பிணைப்பு மாறிலி கிடையாது. முதலில் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அல்லது அதே மூலிகையில் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த சேர்மத்தைச் சுத்தமாக வாங்கிச் செய்யுங்கள்.

"எதுவும் சேர்க்கல, சும்மா வச்சாலும் குறையுது"

ஒளி பட்டுப் பட்டு ட்ரிப்டோபேன் சிதைகிறது. அளவெடுக்கும் நேரம் தவிர ஷட்டரை மூடி வைக்கவும், துவாரத்தைக் குறுக்கவும். மிகக் குறைந்த செறிவென்றால் புரதம் கியூவெட் சுவரில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. செனான் விளக்கை ஏற்றியதும் அளக்கத் தொடங்கினாலும் இப்படித்தான் தெரியும். அரை மணி நேரம் விடுங்கள். மின்சாரம் போய் வந்தால் சூடான விளக்கை உடனே மீண்டும் ஏற்றாமல் ஆறவிடுங்கள்.

குர்குமினோடு வேலை செய்பவர்கள் கவனிக்க: பிஎச் 7.4 பஃபரில் அது சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். காலையில் கரைத்ததை மத்தியானம் பயன்படுத்தினால் நீங்கள் அளப்பது வேறு பொருளை. 425-ல் அதன் அப்சார்பன்ஸை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

"சிடில 210-க்குக் கீழ கோடு கண்டபடி ஆடுது"

முதலில் பார்க்க வேண்டியது எச்டி வோல்டேஜ் (ஒளியை உணரும் டிடெக்டருக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்). ஒளி உள்ளே வராதபோது டிடெக்டர் தன் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். 600, 700 வோல்ட் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள அலைநீளத்தின் தகவலை வெட்டிவிட வேண்டியதுதான். மென்பொருளில் வழுவழுப்பாக்கி மீட்க முடியாது.

ஒளியைத் தடுப்பது பெரும்பாலும் பஃபர். பிபிஎஸ்-ல் (உப்புச் சேர்த்த பாஸ்பேட் பஃபர்) 137 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருக்கிறது; குளோரைடு 200 பக்கத்திலிருந்து கீழே ஒளியைத் தின்றுவிடும். புரதத்தைச் சுத்தம் செய்யும் நிக்கல் குழாயிலிருந்து (column) வந்த புரதத்தில் இமிடசோல் மிச்சம் இருக்கும், டிடிடி (டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் வேதிப்பொருள்) இருக்கும், கிருமி வராமல் போட்ட அசைடு இருக்கும். எல்லாமே இங்கே உறிஞ்சும். பத்து மில்லிமோலார் பாஸ்பேட்டுக்கு டயாலிசிஸ் (சவ்வு வழியாகப் பஃபரை மாற்றுவது) செய்யுங்கள். உப்பு கட்டாயம் வேண்டுமென்றால் சோடியம் ஃபுளோரைடு அல்லது சோடியம் சல்ஃபேட். ஃபுளோரைடை அமில பஃபரில் சேர்க்கவே கூடாது, நச்சாகும்.

கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம், 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் கியூவெட்டில் உங்கள் பஃபரையும் பிறகு புரதத்தையும் காற்றுக்கு எதிராக 260-லிருந்து 190 வரை யுவியில் ஓட்டுங்கள். மொத்த அப்சார்பன்ஸ் எந்த இடத்தில் 1-ஐத் தாண்டுகிறதோ, சிடி கருவியிலும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் கோடு ஆடத் தொடங்கும். ஸ்லாட் எடுக்காமலேயே இது தெரிந்துவிடுகிறது. 1 மில்லிமீட்டர் பாதைக்கு, மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் புரதம் போதும்.

சிடி கருவிக்குள் விடும் நைட்ரஜன் ஓட்டம் குறைவாக இருந்தாலும் அடிப்பகுதி கெடும். அங்கே விளக்கின் ஒளியில் ஆக்சிஜன் ஓசோனாகிக் கண்ணாடிகளையும் அரிக்கும். ஆகவே சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தால் தயங்காமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

"208, 222 ரெண்டும் அழகா வந்துட்டு. ஆனா ஹெலிக்ஸ் 120 சதவீதம்னு வருது"

208, 222 இரண்டும் ஹெலிக்ஸ் என்ற சுருள் மடிப்பின் அடையாளம். வடிவம் சரி, அளவு தவறு. மில்லிடிகிரியை ஒரு ரெசிடியூவின் (புரதச் சங்கிலியில் ஒரு அமினோ அமிலம்) சராசரி எடையால் பெருக்கி, 10, பாதை நீளம், செறிவு மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். பாதை நீளம் சென்டிமீட்டரில்: 1 மில்லிமீட்டர் கியூவெட்டுக்கு 0.1. அங்கே 1 என்று போட்டால் விடை பத்தில் ஒன்றாகும், 0.01 என்று போட்டால் பத்து மடங்காகும். பிஎஸ்ஏவின் ரெசிடியூ சராசரி எடை ஏறக்குறைய 114. மீதம் இருப்பது செறிவு, அதை மேலே பார்த்துவிட்டோம்.

பிஎஸ்ஏ பெரும்பாலும் ஹெலிக்ஸால் ஆனது, அதில் பீட்டா தாள் (தட்டையான மடிப்பு) கிடையாது. இணையச் செயலி உங்கள் பிஎஸ்ஏவுக்கு நிறைய பீட்டா தாள் காட்டினால் புரதத்தைச் சந்தேகிக்காமல் கணக்கைச் சந்தேகியுங்கள். நிறமுள்ள சேர்மத்தைச் சேர்த்ததும் "ஹெலிக்ஸ் குறைந்தது" என்று வந்தாலும், இரண்டு கோடுகளின் எச்டி வோல்டேஜையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே எழுதவும்.

"டிஎல்எஸ்-ல 7 நானோமீட்டர் வரணும், 800 வருது"

தூசி. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக அடிக்கும் காற்று நம் ஆய்வக மேசைகளில் என்ன கொண்டுவந்து சேர்க்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறு துகள்களில் விட்டம் பத்து மடங்கானால் சிதறும் ஒளி பத்து லட்சம் மடங்காகும். ஆகவே ஒன்றிரண்டு துகள் போதும், பிஎஸ்ஏவின் 7 நானோமீட்டர் காணாமல் போய்விடும். பஃபரை 0.1 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, அதாலேயே கியூவெட்டைக் கழுவி, மூடி போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெறும் பஃபர் முதலில். அது அமைதியாக இருந்தால்தான் புரதம்.

பச்சை இலைச் சாறு கலந்த மாதிரியை 633 நானோமீட்டர் லேசரில் வைக்க வேண்டாம். குளோரோஃபில் அந்தச் சிவப்பை உறிஞ்சித் தானும் ஒளிரும். வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

வெயிலில் வந்த கியூவெட்டை உடனே செருகி ஓட்டுவதும் தவறு. 25 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை 0.89, 35-ல் 0.72. கருவி 25 என்று நினைத்துக் கணக்கிட்டால் உருவளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறிதாகக் காட்டும்.

"ஐடிசில ஒவ்வொரு ஊசிக்கும் ஒரே அளவு பீக்"

இது பிணைப்பின் வெப்பமாக இருக்காது. இரண்டு கரைசலின் பஃபரும் ஒத்துப்போகாத வெப்பம். செல்லில் இருக்கும் புரதமும் சிரிஞ்சில் இருக்கும் சேர்மமும் ஒரே பஃபரில், ஒரே பிஎச்சில், டிஎம்எஸ்ஓ (சேர்மத்தைக் கரைக்கும் திரவம்) இருந்தால் ஒரே விழுக்காட்டில் இருக்க வேண்டும். டிஎம்எஸ்ஓ தண்ணீரில் கலக்கும்போது வெளிவிடும் வெப்பம் பெரியது. ஒரு பக்கம் 2, மறுபக்கம் 1.5 என்றாலே பிணைப்பு அதில் மறைந்துபோகும். புரதத்தை டயாலிசிஸ் செய்த கடைசி பஃபரை வீசாமல் வைத்திருந்து, சேர்மத்தை அதில்தான் கரைக்க வேண்டும். சேர்மத்தைப் புரதமில்லாத பஃபருக்குள் செலுத்தும் ஓட்டத்தையும் கட்டாயம் எடுங்கள்.

பீக்கே இல்லையென்றால் செறிவு போதவில்லை என்று பொருளாக இருக்கலாம். செல்லில் உள்ள புரதச் செறிவைப் பிரிகை மாறிலியால் (புரதத்தில் பாதி பிணைந்திருக்கும்போது கட்டற்று இருக்கும் சேர்மத்தின் செறிவு) வகுத்தால் 10-க்கும் 100-க்கும் இடையே வருவது வசதி. பிரிகை மாறிலி 10 மைக்ரோமோலார் என்றால் செல்லில் குறைந்தது 100 மைக்ரோமோலார் புரதமும், சிரிஞ்சில் 1 மில்லிமோலாருக்கு மேல் சேர்மமும் வேண்டும். உங்கள் மூலிகைச் சேர்மம் அந்த அளவு கரையுமா? ஊரிலேயே கரைத்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் 600-ல் அப்சார்பன்ஸ் பாருங்கள். ஏறியிருந்தால் ஐடிசி ஸ்லாட்டை ரத்து செய்துவிட்டு ஃபுளோரசன்ஸோடு நில்லுங்கள்.

முதல் ஊசியின் புள்ளி எப்போதும் சிறிதாக வரும். காத்திருக்கும்போதே ஊசிமுனையில் கசிந்துவிடுவதால். அதை விட்டுவிடலாம்.

"ஊர்ல நல்லா இருந்துச்சு, அங்க போனதும் கலங்கிட்டு"

சோடியம் பாஸ்பேட்டில் வைத்து உறையவைத்தீர்களா? உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிவிடும், மீதமுள்ள திரவத்தின் பிஎச் பல அலகுகள் சரியும். புரதம் அந்த அமிலத்தில் கிடந்துவிட்டுத்தான் உருகுகிறது. பொட்டாசியம் பாஸ்பேட் இதில் எவ்வளவோ மேல். வாங்கிய பிஎஸ்ஏ, லைசோசைம் என்றால் இன்னும் எளிது: பொடியாகக் கொண்டுபோய் அங்கேயே கரையுங்கள். பஃபர், சிரிஞ்ச் வடிகட்டி, குவார்ட்ஸ் கியூவெட், முந்தைய நாள் எடுத்த யுவி கோடுகளின் அச்சு இவற்றையும் கையில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள யுவியில் ஒருமுறை ஓட்டி, அச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரம்) மட்டும் ஐப்பசி, கார்த்திகையிலும் குற்றாலச் சாரல் நாட்களிலும் தனித் தொல்லை. மாதிரியோடு கலந்து வில்லையாக்கும் பொட்டாசியம் புரோமைடு ஈரம் குடித்து 3400-லும் 1640 வாக்கிலும் (இவை செ.மீ⁻¹ அலையெண்கள்) அகலமான பட்டை காட்டும். புரதத்தின் அமைடு ஒன்று பட்டை இருப்பதும் 1600-க்கும் 1700-க்கும் இடையில்தான். பொடியை 110 டிகிரி அடுப்பில் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவைத்து, உடனே வில்லை அழுத்துங்கள். நீல நிற சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஸ்லாட் நாளில் ஓட்டும் வரிசை: விளக்கு சூடாகட்டும், தண்ணீர், பஃபர், பிறகு தெரிந்த ஒன்று. சிடிக்கு அது 0.06 விழுக்காடு அம்மோனியம் காம்ஃபர் சல்ஃபோனேட், 1 சென்டிமீட்டர் கியூவெட்டில் 290.5-ல் 190.4 மில்லிடிகிரி காட்ட வேண்டும். ஃபுளோரசன்ஸுக்குத் தண்ணீரின் ராமன் மேடு, டிஎல்எஸ்க்கு உருவளவு தெரிந்த லேட்டக்ஸ் மணிகள். அதன் பிறகே உங்கள் மாதிரி. கடைசியில் மறுபடியும் பஃபர். காலையில் எடுத்த கோட்டோடு அது பொருந்தவில்லை என்றால், இடையில் எடுத்தவற்றை அன்றே, அங்கேயே திரும்ப எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.